நான்கு பீப்பாய் ம்பேகே

நவம்பர் 19, செவ்வாய்

காலையில் கடையில் மூன்று பேருக்குத் தலை பின்னினேன். நான்காவது பெண் உட்கார்ந்திருக்கும்போது தம்பி புரோஸ்பர் மோட்டார் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்து சிரித்துக்கொண்டே நின்றான். கொலேத்தா வீட்டில் வரச் சொல்லிவிட்டார்களாம். டிசம்பர் ஏழாம் தேதி பெண் கேட்டுப் போகிறோம். நான்கு பீப்பாய் ம்பேகேயோடு — வாழைப்பழக் கள் இல்லாமல் எங்கள் பக்கம் பெண் கேட்க முடியாது.

"மோஷி டவுன்ல சொல்லி வாங்கிக்கலாம்க்கா."

"எதுக்கு வாங்கணும்? நான் காய்ச்சறேன்."

சொன்னது நானேதான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாளி, யார் வீட்டு ஞானஸ்நானத்துக்காவது ஒரு வாளி — இதுவரை நான் காய்ச்சியது அவ்வளவுதான். கொலேத்தாவின் அம்மா பிபியானாவோ ம்பேகே காய்ச்சி விற்கிறவள். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கிபோஷோ ஊரில் பாதி அவள் முற்றத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அவள் வீட்டுக்கு என் ம்பேகே!

நவம்பர் 20

பயமாக இருக்க வேண்டும். இல்லையே. பாட்டுப் பாட்டாக வருகிறது.

நவம்பர் 27, புதன்

கடையைத் திறக்கவில்லை. கோயிலிலிருந்து பெரிய அண்டாக்களை வாங்கி வந்தோம். பக்கத்து வீட்டு ஜெனரோசா தன் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து வாழைப்பழம் உரிக்க உட்கார்ந்தாள். முற்றம் முழுக்கத் தோல். புரோஸ்பர் இரண்டு தடவை வழுக்கி விழுந்தான். "மாப்பிள்ளை இப்பவே ஆடறாரு, இன்னும் ஒரு சொட்டு உள்ள போகல," என்றாள் ஜெனரோசா.

பழம் வெந்து வெந்து செங்கல் நிறத்துக்கு வந்தது. துடுப்பைப் பிடித்துப் பிடித்து என் கை கழன்றுவிட்டது. இந்த மணத்தைப் பூசிக்கொண்டு தெருவில் நடக்கலாம்போல இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

வாழைச்சாறு பொங்கத் தொடங்கிவிட்டது. பீப்பாயில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே யாரோ கிசுகிசுப்பதுபோலச் சத்தம். நான்கிலும் அதே பேச்சு.

டிசம்பர் 5, வியாழன்

போச்சு.

பொங்கிய சாற்றில் கலப்பதற்கு நேற்று சாயங்காலமே முளைகட்டிய கேழ்வரகைக் கஞ்சியாகக் காய்ச்சி அண்டாவில் ஆற வைத்திருந்தேன். விடிந்து பார்த்தால் மேலே ஆடை கட்டி ஜில்லென்று இருந்தது. முதல் பீப்பாயில் ஊற்றினேன். மதியம் காதை வைத்தால் சத்தமே இல்லை. மூடியைத் திறந்தேன் — ஒரு குமிழிகூட இல்லை. அண்டாவில் மிச்சமிருந்த கஞ்சிக்குள் முழங்கை வரை விட்டேன். அம்மாடி. நடுவில் இன்னும் கொதிக்கிறது. சூட்டை ஊற்றி, சாற்றைப் பொங்க வைக்கிற உயிரையே அவித்திருக்கிறேன். இத்தனை வருஷம் காய்ச்சறவளுக்கு இதுகூடவா தெரியல? வாங்கித் தொலைக்கலாம்னு அவன் அப்பவே சொன்னானே. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கறது?

வாழைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். ஜெனரோசா தேடி வந்தாள்.

"அக்விலினா, உன் வாளியில இது என்னிக்காவது கெட்டிருக்கா?"

"வாளிதான் சீக்கிரம் ஆறிடுமே."

"அப்ப வாளியிலயே பண்ணு. உன்கிட்ட இல்லாட்டி என்ன, தெருவுல வாளிக்கா பஞ்சம்?"

அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு ஓட்டம்தான். நல்ல மூன்று பீப்பாயிலும் இருந்த சாற்றை வடிகட்டி, பதினோரு வீட்டுக்கு வாளி வாளியாகப் புரோஸ்பர் கொண்டுபோய் இறக்கினான். கேழ்வரகு மாவும் கசப்புக்குப் போடும் மரப்பட்டையும் நான் கொடுத்தேன். கஞ்சி அவரவர் அடுப்பில். "கை வச்சுப் பாத்துட்டு ஊத்துங்க," என்று வீடு வீடாகக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. இப்போது சிரிப்பாக வருகிறது. தெரு முழுக்க என் ம்பேகே வேகிறது!

டிசம்பர் 6

பதினோரு வீட்டிலும் நுரை. எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றினோம். அவிந்துபோன பீப்பாய் நேற்றே ஆறிவிட்டதால் அதிலும் சில வாளி கலந்துவிட்டேன். மாலைக்குள் அதுவும் பேச ஆரம்பித்துவிட்டது.

ஆனால் ஒரு வாளி புளிப்பு, ஒரு வாளி இனிப்பு, ஒன்று கசப்பு. கலந்தபின் என்ன ருசி என்று என் நாக்குக்கே பிடிபடவில்லை.

டிசம்பர் 7, சனி

எழுத உட்கார முடியவில்லை. கால் தரையில் நிற்கவில்லை.

கொலேத்தா வீட்டு முற்றத்தில், எங்கள் பக்கம் பேச வந்த பெரியப்பா முதல் சுரைக்குடுவையை இரண்டு கையாலும் நீட்டினார். பிபியானா வாங்கி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு வாய். புரோஸ்பர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத எத்தன பேரு காய்ச்சினீங்க?"

பெரியப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. நான்தான் எழுந்தேன். "பதினோரு வீட்டுல, சம்பந்தியம்மா."

வாய் தவறி வந்துவிட்டது. முற்றமே சிரித்தது.

"இன்னும் பொண்ணையே குடுக்கல, அதுக்குள்ள சம்பந்தியா?" அவளும் சிரித்தாள், ஆனால் விடவில்லை. "அதுல ஒருத்தி கஞ்சிய அடிபிடிக்க விட்டிருக்கா. யாரு அது?"

ஜெனரோசா என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"அவள விட்டுடாதம்மா. அந்த வாசம்தான் இத எடுத்துக் குடுக்குது," என்று சொல்லிவிட்டு, காலிக் குடுவையை மறுபடி நீட்டினாள்.

அப்புறம் பேசியதெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. சம்மதம் என்றதும் கொலேத்தா உள்ளேயிருந்து வந்து புரோஸ்பருக்கு நேராக உட்கார்ந்தாள். ஆடினோம். பெரியப்பாகூட ஆடினார்.

டிசம்பர் 8

தலைவலி. சந்தோஷமான தலைவலி.

டிசம்பர் 12, வியாழன்

காலையில் கடையைத் திறக்க வந்தால் வாசலில் மூன்று பீப்பாய்கள். எல்லாவற்றிலும் நீலச் சாயத்தில் 'பிபியானா'. எட்டிப் பார்த்தேன் — ஒவ்வொன்றிலும் ஒரு வாழைத்தார்.

"கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர்ற கூட்டத்த அவங்க ஒருத்தரால சமாளிக்க முடியாதாம், உன்னையும் காய்ச்சச் சொல்றாங்க," என்றான் புரோஸ்பர்.

தார் இன்னும் முழுக்கக் கனியவில்லை. இரண்டு நாள் ஆகும். பதினோரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தேன்.