ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் நிற்கும் பத்மினி கார்

அனுப்புநர்:
த. பிரேமா,
க/பெ. தணிகைவேல்,
14, வேலாயுதன் தெரு,
திருத்தணி – 631 209.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
திருத்தணி.

பொருள்: என் வீட்டு கேட்டை அடைத்துப் பொதுத்தெருவில் கொட்டப்பட்டுள்ள ஜல்லியை அகற்றக் கோருதல் – என் காரை "ஆள் செத்த வண்டி" என்று கூறி அளிக்கப்பட்ட மனுவுக்கு மறுப்புத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: எதிர்வீட்டுத் திரு. கஜபதி, தெருவாசிகள் சார்பில் தங்களிடம் அளித்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். இவ்வூரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன். பணி இல்லாத நேரங்களில் 1984ஆம் ஆண்டு பத்மினி கார் ஒன்றை என் காம்பவுண்டுக்குள் வைத்துப் பழுது பார்த்து வருகிறேன். இது தொழில் அல்ல. வெளியார் வண்டி எதையும் நான் தொடுவதில்லை. கேட்டு வந்த ஓரிருவரையும் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே "குடியிருப்புப் பகுதியில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறார்" என்று பார்வையில் கண்ட மனுவில் எழுதியிருப்பது உண்மைக்கு மாறானது.

2. ஒரு பெண்ணுக்கு இந்த வேலை எதற்கு என்று தெருவில் கேட்கிறார்கள். தங்களுக்கும் அந்த ஐயம் எழலாம் என்பதால் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நான் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவள். தறி நின்றால் மெக்கானிக் வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்கும் வசதி எங்கள் வீட்டில் கிடையாது. ஸ்பேனர் பிடிக்க அங்கேயே பழகினேன். இன்னொன்றும் உண்டு. மருத்துவமனையில் நாங்கள் எவ்வளவு பாடுபட்டாலும் சிலர் தேறுவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதைவிட்டுப் போகாது. இந்த வண்டியில் கை வைத்தால் வைத்த இடம் சரியாகிறது. அந்தச் சந்தோஷம் எனக்கு வேண்டியிருக்கிறது, ஐயா. இதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை.

3. இந்தக் காரைப் புதிதாக வாங்கி ஓட்டியவர் திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி திரு. வெங்கடேசன். பிறகு பல ஆண்டுகள் அது அவருடைய மாட்டுக் கொட்டகையில் நின்றது. நான் அதை முறைப்படி வாங்கி, பதிவுச் சான்றையும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். வந்த நாளில் கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, சீட்டில் உட்கார்ந்தால் மண் தெரிந்தது. இன்ஜினை இறக்கிப் பிரித்துக் கோத்தேன். புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க மட்டும் வெளியாளைக் கூப்பிட்டேன். முன்பக்கக் கிரில்லும் ஓரப் பட்டைகளும் முதலில் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள, வண்டி வாங்கிய நாளில் அதன்மேல் சாய்ந்து நின்று எடுத்த போட்டோ ஒன்றை வெங்கடேசன் அவர்கள் எனக்குத் தந்தார். கிரீஸ் படக்கூடாது என்று அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, காருக்குள் டாஷ்போர்டின் மேல் சாய்த்து வைத்திருந்தேன். தொல்லை தொடங்கியது இந்த இடத்தில்தான்.

4. என் கணவர் தணிகைவேல் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஆயுத பூஜை என்றால் அவருக்குக் கை நிற்காது. கடைத் தராசு தொடங்கி வீட்டு மிக்ஸி வரை சந்தனம் குங்குமம் வைப்பார். இந்த ஆண்டு பூஜையன்று நான் பணியில் இருந்தேன். பிரேக் வேலைக்காகக் காரின் நான்கு சக்கரங்களும் கழற்றப்பட்டுக் கூடத்தில் இருந்தன. அவர் சக்கரங்களுக்கு அங்கேயே எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டுவிட்டு, செங்கல்மேல் நின்ற காருக்கு வந்திருக்கிறார். செம்மண் நிறப் பிரைமர் அடிப்பூச்சு அடித்த பானெட்டுக்கு மாலை போட்டார். உள்ளே இருந்த போட்டோவையும் துடைத்து, மூலைகளில் சந்தனம் வைத்து, நடுவில் நின்றிருந்த வெங்கடேசன் அவர்களின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து, மீதமிருந்த பூச்சரத்தை அதன்மேல் சாத்தி, முன்னால் ஓர் அகல் விளக்கும் ஏற்றிவிட்டார். வண்டிக்குப் போட்ட மாலையைத் தானாகக் காயும்வரை எடுக்காமல் விடுவது நம் பக்கத்து வழக்கம். நானும் எடுக்கவில்லை.

5. கேட் வழியாகப் பார்த்தவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று தாங்களே எண்ணிப் பார்க்கலாம். சக்கரமில்லாத கார். சிவப்புக் கறை போன்ற பூச்சு. உள்ளே ஒரு மனிதரின் படம், பொட்டு, மாலை, விளக்கு. அந்தக் காரில் அடிபட்டு அவர் இறந்துவிட்டார் என்றும், பிணம் எடுத்த வண்டியை நான் மலிவாக வாங்கி வந்தேன் என்றும் வாரம் முடிவதற்குள் தெரு முழுக்கப் பேச்சானது. பால் ஊற்றும் அம்மாள் கேட்டுக்கு வெளியே நின்று சொம்பைக் கேட்கிறார். திரு. கஜபதி தம் வீட்டு மாடியை வாடகைக்கு விடப் பார்க்கிறார். வந்து பார்த்தவர்கள் எதிரில் இருக்கும் காரைக் கேள்விப்பட்டுப் போய்விட்டார்கள். அதில் எனக்கும் வருத்தமே. அவர் கெட்டவர் அல்ல. எனக்குப் பிரசவ வலி கண்ட அன்று ஆட்டோ பிடித்து வந்தவர் அவர்தான். ஆனால் நான் பணிக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பழைய இரும்பு எடுப்பவரை லாரியோடு அழைத்து வந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என் கணவர் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றதால் வண்டி தப்பியது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

6. வதந்தி திருவாலங்காடு வரைக்கும் போய்விட்டது. உறவுக்காரர் ஒருவர் துக்கம் விசாரிக்க வெங்கடேசன் அவர்களின் வீட்டுக்கே வந்திருக்கிறார். கதவைத் திறந்தவர் வெங்கடேசன். அவர் அடுத்த பஸ்ஸில் ஏறித் திருத்தணி வந்து, எங்கள் தெரு நடுவில் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யாருப்பா என்னைச் சாவடிச்சது? காத்தால கரும்புக்குத் தண்ணி கட்டிட்டு வந்துகினு இருக்கறேன். நல்லா பாத்துக்கோங்க." பத்துப் பேர் பார்த்தார்கள். செவிலியர் என்ற முறையில் நானும் அவர் நலமாக இருப்பதாக உறுதி கூறுகிறேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் திரு. கஜபதி, "ஆங், ஆளு உயிரோடதான் கீறாரு. வண்டி செத்துப்போச்சே. நகராத வண்டி பொணம் மாதிரிதானே. எடுத்துப் போடச் சொல்லுங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வாயால் சொல்லும் பதில் அல்ல.

7. அடுத்த விடுமுறைகளில் சக்கரங்களை மாட்டினேன். பிரேக் ஆயில் ஊற்றி, குழாய்க்குள் நின்ற காற்றை வெளியேற்றினேன். புது பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்பினேன். முதலில் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. காம்பவுண்டுக்குள் முன்னும் பின்னும் நானே ஓட்டிப் பார்த்தேன். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். திரு. கஜபதியும் தம் மாடியிலிருந்து பார்த்தார். அதற்கு மறுநாள், அவருடைய மாடி வேலைக்கென்று ஒரு லோடு ஜல்லி வந்து இறங்கியது. அவர் வாசலில் இடம் இருக்க, என் கேட்டை ஒட்டி இறங்கியது. நாங்கள் ஓரமாக ஒருக்களித்துத்தான் நடந்து போகிறோம். "இப்போ வேலை நின்னுகினு இருக்குது, கொத்தனார் வரட்டும்" என்று பதில் வருகிறது. மனுவிலோ, "மேற்படி கார் இன்றுவரை நகரவே இல்லை" என்று எழுதப்பட்டிருக்கிறது. கேட்டைத் தாண்டவில்லை என்ற அளவில் அது உண்மைதான். ஏன் நகரவில்லை என்பதைத் தங்கள் அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும் கேட்டருகே வந்து நின்றவுடன் தெரிந்துகொள்வார்கள்.

8. பதிவுச் சான்றைப் புதுப்பிக்க, இந்த வண்டியை டிசம்பர் ஐந்தாம் தேதி மோட்டார் வாகன ஆய்வாளரிடம் நேரில் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் இத்தனை நாள் உழைப்பும் இரும்பு விலைக்குத்தான் போகும். சமாதானத்துக்காக விற்றுவிடலாமா என்று என் கணவர் கேட்கிறார். பூச்சரம் சாத்தியவர் தாம்தான் என்ற குற்ற உணர்ச்சி அவருக்கு. நான் விற்பதாக இல்லை.

9. ஆகவே, பொதுத்தெருவில் என் வழியை மறித்துக் கிடக்கும் ஜல்லியை அகற்றும்படி திரு. கஜபதிக்கு உத்தரவிடுமாறும், அதுவரை என் காரை அப்புறப்படுத்தும் எந்த நடவடிக்கையும் எடுக்காமல் இருக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிவுச் சான்றின் நகலும், வெங்கடேசன் அவர்கள் கையெழுத்திட்டுத் தந்த உயிர்வாழ் உறுதிமொழியும் இத்துடன் உள்ளன.

10. அந்தக் கார் இடத்தைவிட்டு நகர வேண்டும் என்று திரு. கஜபதி கேட்டிருக்கிறார். நானும் அதைத்தான் கேட்கிறேன். எங்கள் இருவர் மனுவுக்கும் தாங்கள் ஒரே உத்தரவைப் போட்டால் போதும். ஜல்லி போன மறுநாள் காலை, யாரும் தள்ளாமல், நானே ஓட்டி, தங்கள் அலுவலக வாசல் வழியாகத்தான் மலைமேல் பூஜைக்குப் போவேன். வழியில் எங்காவது நின்றுவிட்டால், நின்ற இடத்திலேயே தாங்கள் அதை எடுத்துச் செல்லலாம். நான் இன்னொரு மனு எழுத மாட்டேன்.

இடம்: திருத்தணி
நாள்: 17.11.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
த. பிரேமா