மஞ்சள் மஃப்ளர்

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்கு நன்றாகத் திட்டுங்கள். கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அண்ணன், டார்பிடோ தாக்கிய நொடியிலேயே போய்விட்டார் என்று கம்பெனி எழுதியதை நம்புங்கள்.

அவருடைய சரக்குக் கப்பலுக்கு நேர் பின்னால்தான் எங்கள் கப்பல் வந்தது. முன்னால் போவது மூழ்கினாலும் பின்னால் வருவது நிற்கக் கூடாது என்பது போர்க்கால உத்தரவு. தண்ணீரில் தலைகள் தெரிந்தன. “ஒடிக்காதே! நேரா விடுடா!” என்று கேப்டன் கத்தினார். சுக்கான் என் கையில் இருந்தது.

நீங்கள் அண்ணனுக்குப் பின்னிக் கொடுத்த மஞ்சள் மஃப்ளரைக் கொதிகலன் சூட்டில் யாராவது கழுத்தில் சுற்றிக்கொள்வார்களா? தண்ணீரில் நான் பார்த்தது வேறு யாருடையதாகவோ இருக்கும்.

எனக்கும் அதேபோல் ஒன்று பின்னத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். பிரித்துவிடுங்கள், அண்ணி.

உங்கள் கொழுந்தன்