கதவு தட்டும் சத்தம்

என்னங்க,

நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும்போது உங்கள் குறட்டை சட்டென்று நின்றுவிடுகிறது. மூச்சும்தான். அப்படி நின்று நின்று வருவதில் உடம்பு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிப்பது போல் ஆகும் என்றார் டாக்டர். பட்டறையில் கடைந்த இரும்புக்கெல்லாம் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவுகிறவர் நீங்கள். தூங்கும்போது மாட்டிக்கொள்ளச் சொல்லி டாக்டர் தந்த மூச்சு மாஸ்க்கை மட்டும் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவேயில்லை.

கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று நான் எழுப்பும்போதெல்லாம் போய்ப் பார்த்துவிட்டுக் கத்துவீர்கள்: “எவனும் இல்லமே! ஏன் சொம்மா சொம்மா எய்ப்பிக்கினே கீற?”

மகள் ஷைலாவின் பிரசவத்துக்காக இன்று பாரிவாக்கம் போகிறேன். திரும்ப ஒரு மாதம் ஆகும். மாஸ்க்கைத் துடைத்துத் தலையணை மேல் வைத்திருக்கிறேன். கோபப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

அந்தக் கதவை ஒரு நாளும் யாரும் தட்டியதில்லைங்க.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்தவள்