பூட்டிய கேலரியின் சத்தம்

அன்பு மகன் குள்ளனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் அக்கா வீட்டாரும் சௌக்கியம், உன் சௌக்கியத்தை உன் வாயால் கேட்டால்தான் எங்கள் சௌக்கியம் முழுசாகும். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம் வளர்ந்த பிறகும் குள்ளன் என்று எழுதுகிறாரே என்று கோபப்படாதே, வீட்டில் உனக்கு வேறு பெயர் கிடையாது. லீக்கின் கடைசி ஆட்டம் முடிந்ததிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. அம்மா சமைக்கும்போதும் போனை இடுப்பில் சொருகிக்கொண்டு நிற்கிறாள், ஏதோ கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குக் கூப்பிட்டால்கூட நீதான் என்று பதறி எடுக்கிறாள். அக்கா பெண்ணுக்கு மேல்பல் முளைக்கிறது, எட்டியதையெல்லாம் கடிக்கிறாள், மாப்பிள்ளையின் வாட்ச் வாரில் பல் தடம் கிடக்கிறது. குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததை நானே சரி செய்தேன், இப்போது முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது.

நடந்ததை உனக்கு நானே சொல்ல வேண்டும், அடுத்தவர் வாயால் கேட்டு நீ என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. கீழ் டிவிஷனுக்கு இறங்கப் போவது நீ கோல்கீப்பராக நிற்கும் அணியா, நான் வேலை பார்க்கும் இந்த மைதானத்து அணியா என்பது கடைசி நாள்வரை இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டு அணிக்கும் ஒரே நேரத்தில் வேறு வேறு மைதானத்தில் ஆட்டம். நீங்கள் உங்கள் ஆட்டத்தைச் சமன் செய்தாலே தப்பிவிடுவீர்கள். நீங்கள் தோற்று, நாங்கள் தோற்காமல் இருந்தால் நாங்கள் தப்புவோம். நாங்கள் இறங்கினால் ஸ்கோர் பலகைக்குத் தனியாக ஆள் வேண்டாம் என்று மேனேஜர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அன்று காலை அம்மா, ‘யாரு ஜெயிச்சாலும் நம்ம வீட்ல ஒரு ஆளுக்குத் தொண்டையில சோறு எறங்காது, என்னால இதப் பாக்க முடியாது’ என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். என் வேலை போனால் போகட்டும், உன் வலைக்குள் பந்து போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பலகைக்குப் பின்னால் ஏறினேன். நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அதுதான் உண்மை.

அங்கே நிற்கிறவனுக்கு மைதானம் தெரியும், காலடியில் இருக்கும் கிழக்கு கேலரி தெரியாது, அதன் சத்தம் மட்டும்தான் கேட்கும். ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு உட்காரும் கூட்டம் எப்போதும் அந்த கேலரியில்தான் இருக்கும், உனக்கே தெரியும். வேறு மைதானத்தில் கோல் விழுந்தால் முதலில் அவர்கள் கத்துவார்கள், எந்த அணிக்கு என்பது கத்துகிற தினுசிலேயே எனக்குப் புரிந்துவிடும், அந்த ஆட்டத்துக்கான எண் தகட்டை எடுத்துப் பலகையில் மாட்டுவேன். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அது பொய்யானதில்லை. இந்த சீசன் தொடக்கத்தில் கூரை விரிசல் விட்டதால் அந்த கேலரியைப் பூட்டிவிட்டார்கள். சாவி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் ஆபீஸிலிருந்து ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகுதான் நான் மாட்ட வேண்டும்.

எங்கள் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று, உங்கள் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கோல் இல்லை, முடியப் போகிற நேரம். நல்ல வெயில், இலை அசையவில்லை, அவ்வளவு கூட்டமும் பேச்சு மூச்சில்லாமல் இருந்தது. அப்போது என் காலடியில் கேலரி கத்தியது. தகடுகள் ஒன்றோடொன்று உரசும் அளவுக்குப் பலகை அதிர்ந்தது. கைப்பழக்கம், யோசிக்கவே இல்லை, உன் அணிக்கு எதிராக ஒரு கோல் என்று மாட்டிவிட்டேன். மாட்டி முடித்துக் குனிந்தபோதுதான் சட்டைப்பையில் சாவி குத்தியது. கீழே கேலரி பூட்டிக் கிடக்கிறது, கத்த அங்கே ஆளே இல்லை. எங்கள் பையன்கள் பலகையைப் பார்த்துவிட்டு, இனி சமன் போதும் என்று பின்னால் போய்ப் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்து, ‘அண்ணே, எவன் சொன்னான் உங்களுக்கு? அங்க கோலே விழல, மொதல்ல அத எறக்குங்க’ என்று கத்தினார். கழற்றுவதற்குக் கை வைத்தேன். அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது, உங்கள் வலையில் கோல் விழுந்துவிட்டதாக அறிவித்தார்கள். மைதானத்தில் மூன்று பக்கமும் எழுந்து கூத்தாடியது, என் காலடி மட்டும் சும்மா இருந்தது.

நாங்கள் தப்பித்தோம், என் வேலையும் தப்பித்தது. ‘கருநாக்கு கேள்விப்பட்டிருக்கோம், அண்ணனுக்குக் கருங்கை’ என்று ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், எனக்கு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். ‘பெத்த புள்ள தோக்குறத உங்க கையாலயே மாட்டிட்டீங்களே’ என்றாள், அதற்குப் பிறகு தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், பேச்சு இல்லை. மறுநாள் கேலரியைத் திறந்து பார்த்தேன், பூட்டு துருப்பிடித்து எண்ணெய் விட்ட பிறகுதான் திறந்தது. பெஞ்சு எல்லாம் கனத்த தூசி, ஒரு கைத்தடம் கிடையாது. கூரைக் கம்பியில் ஒரு புறா முட்டைமேல் உட்கார்ந்திருந்தது, அந்தச் சத்தம் நிஜமாக இருந்திருந்தால் அது கூட்டை விட்டே ஓடியிருக்கும். ‘வயசாயிடுச்சு மாமா, காதைக் காட்டிட்டு வாங்க’ என்றார் மாப்பிள்ளை. காட்டினேன், டாக்டர் என் காதில் ஒரு குறையும் இல்லை என்றார். இருந்தாலும் பிரமைதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன்.

பிறகுதான் அந்த கோலை டீக்கடை டிவியில் பார்த்தேன். உனக்குக் கவனம் சிதறிவிட்டது என்று பேப்பரில் எழுதுகிறார்கள், எழுதுகிறவனுக்கு உன்னைத் தெரியாது. பந்து வரும்போது தேள் கொட்டினாலும் கண்ணை எடுக்காத பையன் நீ. எதிராளி உதைக்கக் காலைத் தூக்கும் முன்பே பின்னால் திரும்புகிறாய். உன் வலைக்குப் பின்னால் ஆளே இல்லை, வெறும் சுவர். வாசலில் நின்று நான் கூப்பிட்டால் இடது தோளைத் தாழ்த்தித் திரும்புவாயே, அதே மாதிரி திரும்பினாய். கடைக்காரரிடம் கெஞ்சி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தேன். உன் வாய் அசைகிறது. ‘என்னப்பா’ என்று கேட்கிறாய்.

நீ ஏன் போனை எடுப்பதில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் குரலைக் கேட்டிருக்கிறாய். மைதானம் மைதானமாக உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான், என் வேலைக்காக உன்னைத் திரும்பிப் பார்க்க வைப்பேனா? சத்தியமாகச் சொல்கிறேன் குள்ளா, கூப்பிட்டது நான் இல்லை. நான் இங்கே அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

என்னிடம் பேச மனசு வராவிட்டால் பரவாயில்லை, கடிதம் கண்டதும் அம்மாவிடம் பேசு. வேளைக்குச் சாப்பிடு, விரல் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடு. எந்த டிவிஷனாக இருந்தாலும் நீ வலைக்கு முன்னால் நிற்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் நெடுநாள் நிற்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. பின்னாலிருந்து என் குரலில் யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. நான் வந்தால் உன் முகத்துக்கு நேரே வந்து நிற்பேன்.

அன்று உன்னைக் கூப்பிடாத,
உன் அப்பா