என் கைக்கு அவர் கால்தான் தெரியும்

அன்பு மகன் யோங்ஃபுவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகள் லிங்யாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், அங்கோலா வெயிலில் ரோடு போடும் நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால் எழுதுகிறேன். நீ வேண்டாம் என்று சொல்லியும் புத்தாண்டின் முதல் மாதப் பௌர்ணமிக்கு லிங்யா கட்டைக்காலில் ஏறி ஆடினாள், ஏற்றிவிட்டது நான்தான். உன் அப்பா போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, இந்த வருஷம் வாசலில் புத்தாண்டுச் சிவப்புத் தாள்கூட ஒட்டவில்லை, எல்லாம் எனக்கும் தெரியும். குழுத் தலைவர் குவான் வந்து, "அண்ணி, ஜோடி ஜோடியா போற வரிசை, அண்ணன் இடம் காலியா இருந்தா நொண்டும், பேத்தியக் குடுங்க" என்றார். உன் அப்பாவின் ஆட்டம் முழுக்கத் தெரிந்தவள் இவள்தானே. எதிர்வீட்டு ஹௌ, சாம்பலே ஆறல அதுக்குள்ள மூஞ்சிக்குப் பவுடரா என்றாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மதில்மேல் உட்காரவைத்து அவள் காலில் கட்டையை நானே கட்டினேன். துக்க வீட்டு முன்னால் மேளம் அடிக்கக் கூடாது, அதனால் வரிசை நம் வாசலுக்கு வந்ததும் மேளத்தை நிறுத்திவிட்டார்கள், ஆனால் கட்டைக்காலில் அசையாமல் நின்றால் விழுவார்கள், முப்பது பேரும் இருந்த இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள், உறைந்த தரையில் டொக் டொக் என்று அது மட்டும் கேட்டது. லிங்யா உன் அப்பா படத்தைப் பார்த்து இடுப்புவரை குனிந்தாள், விழுவாள் என்று நினைத்தேன், விழவில்லை. அந்த உயரத்தில் அப்படிக் குனிய நம் ஊரில் யாருக்கும் வராது. தேநீர்த் தட்டோடு நின்றேன், அழ வேண்டிய நேரம் என்று தெரிந்தது, அழுகை வரவில்லை.

அவிழ்த்தபோது அவள் கால் இரண்டும் நீலம். முதல் தெரு முடிவதற்குள் மரத்துவிட்டதாம். ஏண்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "தாத்தாவுக்கு இப்படித்தானே கட்டுவீங்க பாட்டி, தாங்கணும்னு நெனச்சேன்" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் அந்தத் தடித்த காலுக்குக் கட்டிய கை, அதே இறுக்கத்தில் இந்தக் குச்சிக்காலுக்கும் கட்டியிருக்கிறது. சூடான படுக்கையில் போட்டுத் தேய்த்தேன், உணர்வு திரும்பும்போது வலியில் கதறினாள். இப்போது சரியாகிவிட்டது, நடக்கிறாள், டாக்டரும் பார்த்துவிட்டார். எனக்குத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை.

திட்டுவதானால் என்னைத் திட்டு, அவளை விட்டுவிடு. அடுத்த பௌர்ணமிக்கு நீயே வந்து கட்டிவிடு, நான் கட்ட மாட்டேன், என் கைக்கு அவர் கால்தான் தெரியும். கொசுவலை கட்டாமல் படுக்காதே. முன்னோர் உன் பக்கம் நிற்கட்டும், நோய் நொடி அண்டாமல் நன்றாயிரு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா