பாடகர் வாயசைத்தார் என்று நான் எழுதியது

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட கைலி பக்கத்து வீட்டு மாமரத்தில்.

கோபம் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஸ்டோன் ஃபர்னஸ் என்ற ஹெவி மெட்டல் பேண்டின் புதுக் கச்சேரி வீடியோ வந்து ஒன்பது நாள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினொரு பேர். விதி ஒன்று உண்டு, அட்மின் என்ற முறையில் நான் போட்டது: புது வீடியோ வந்தால் யாரும் வீட்டில் தனியாகப் பார்க்கக் கூடாது. எல்லாரும் ஒன்றாக, பெரிய திரையில், பெரிய சத்தத்தில். ஒன்பது நாளும் நோன்பு பிடித்த மாதிரி இருந்தேன்.

ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது. என் மச்சினன் காதரின் கல்யாண மண்டபம் சும்மாதான் கிடந்தது. மைக்செட்டுக்கு என் சிநேகிதன், பூக்கடை செல்வம் ஏற்பாடு. அவன் மனைவியின் தம்பி பாண்டி, அகரத்துக்காரன். நேற்று வரை அம்மன் கோயிலில் கட்டியிருந்த செட்டை அப்படியே அவிழ்த்து வேனில் ஏற்றி வந்தான். இந்த மண்டபத்துக்குள் முதல் தடவை வருகிறானாம், தலை நிறைய எண்ணெய், அயர்ன் செய்த சட்டை.

கொண்டு போனவை: லேப்டாப், வயர், அறுபது சமோசா, தண்ணீர் கேன் இரண்டு.

மதியம் இரண்டரைக்கு ஆரம்பம். முதல் பாட்டில் டிரம்மர் அடித்த அடி! எழுபதை நெருங்குகிற ஆள். இளம் வயதில்கூட இவ்வளவு வேகம் கிடையாது. எழுந்து நின்று கைதட்டினேன்.

அப்புறம் பெரியவர் வாயைத் திறந்தார். (பாடகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) ஒரு குரலுக்கு அடியில் இன்னொரு குரல். முதலில் நம்பவில்லை. இரண்டாவது பாட்டில் கேமரா அவர் முகத்துக்குப் பக்கத்தில் போனது. வாயை மூடிவிட்டார். குரல் வருகிறது. மூடிய வாயிலிருந்து!

டேப். ஏற்கெனவே பதிவு செய்த குரலை ஓடவிட்டு அதன்மேல் வாயசைக்கிறார். இருபத்தாறு வருடமாக இந்த மனுஷனுக்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். "அது பாட்டா, தொண்டையில முள்ளு சிக்குன சத்தமா"ன்னு கேட்டவன் எல்லாரிடமும், "பொய் இல்லாத குரல்டா" என்றுதானே சொன்னேன்.

நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஜேம்ஸ் வாத்தியார் உடனே, "ஆமாய்யா, டேப்புதான். இப்பல்லாம் எல்லாரும் போடுறாங்க" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். செல்வம் மட்டும் எழுந்தான்.

"மாப்ள, செத்த பொறு. அவரு மூச்சு வாங்குறது கேக்குதுல்ல? டேப்புன்னா மூச்சு எதுக்கு வாங்குறாரு?"

"ஒக்காரு."

"இல்ல மாப்ள, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"ஏலே, நீ பூவ எடை போடுறவன். கொரலப் பத்தி ஒனக்கு என்னலே தெரியும்? போயி மல்லிய அள்ளு."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பாண்டியோடு சேர்ந்து வயரைச் சுருட்டினான், வேனில் ஏறிப் போய்விட்டான். சமோசாவைத் தொடவில்லை.

சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நான் நெஞ்சு வெந்து நிற்கும்போது குறுக்கே எதற்கு வர வேண்டும்?

ஜூலை 21, திங்கள்

இணையத்தில் நான் நடத்தும் ரசிகர்கள் பக்கத்தில் எழுதிவிட்டேன். தலைப்பு: "பெரியவர் நம்மை ஏமாற்றினார்." மதியத்துக்குள் யார் யாரோ பகிர்ந்துவிட்டார்கள். ஒருத்தர் இலங்கையிலிருந்து, "துணிச்சலான காது" என்று எழுதியிருக்கிறார். இரண்டு தடவை படித்தேன்.

கீழே வந்த கருத்துகள்:

கேமரா ஓர் இடத்தில் ஐந்து நொடி நிற்கவில்லை. (நிஜம். தலை சுற்றுகிறது.)

சுருதியை இறக்கி வாசிக்கிறார்கள். (இறக்கட்டுமே. வயசுக்குத் தக்க இறக்குவது மோசடி இல்லை. நான் சொன்னது வேறு.)

கிட்டார்க்காரர் தொப்பி போட்டிருக்கிறார், முடி கொட்டிவிட்டது. (இது ஒரு குறையா? உனக்கு முடி கொட்டாதா?)

கூட்டத்தில் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். (சரி.)

"கிழங்கட்டைங்க போர்வையப் போத்திக்கிட்டு வீட்ல கெடக்க வேண்டியதுதான?" இதற்கு நூறு பேர் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கடைசி ஆள்மேல்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நான் வயசையா குறை சொன்னேன்? ஏமாற்றாதே என்றேன். என் பக்கம் பேசுகிறவன் எல்லாம் இப்படிப்பட்டவனாக இருக்கிறான்.

சாயங்காலம் பார்த்தேன். குழுவில் சின்ன சாம்பல் எழுத்தில்: செல்வம் வெளியேறினார்.

போகட்டும்.

நான் வேலை பார்க்கும் தோல் மண்டியில் இன்று மூன்று கட்டு ஆட்டுத்தோலை ரகம் மாற்றி அடுக்கிவிட்டேன். முதலாளி பார்த்தார்.

ஜூலை 22, செவ்வாய்

செல்வத்துக்கு மூன்று தடவை போன். எடுக்கவில்லை. நான் ஒன்றும் மன்னிப்புக் கேட்கப் போடவில்லை, சும்மாதான் போட்டேன்.

வீட்டுக்காரி மெஹர் கேட்டாள், "செல்வண்ணன என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாமயா அவுக பொண்டாட்டி எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல? இந்த ஊருல இம்புட்டுப் பூட்டு செஞ்சாங்களே, ஒங்க வாய்க்கு ஒண்ணு செஞ்சாங்களா?"

காய்ச்சல் வந்தால் ஒரே ஆட்டோவில் ஏறும் குடும்பங்கள். மெஹருக்குப் பிரசவ வலி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்தவன் அவன்தான். அவன் காதில் ஒரு பக்கம், என் காதில் ஒரு பக்கம் வாக்மேன். இதை எதற்கு இப்போது எழுதுகிறேன்?

சோற்றுக்கு வெஞ்சனம் கத்தரிக்காய். உப்பு கூடுதல்.

ஜூலை 23, புதன்

கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர். பெயர் சதீஷ் என்று போட்டிருக்கிறது. "ஏனுங்க, எத்தனாவது நிமிசத்துலங்க அந்த டேப்பு? நான் ஹெட்போன் போட்டு மூணு தடவ பாத்துட்டனுங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

இந்த 'ங்க'தான் எரிச்சல். சண்டைக்கு வருகிறவன் சண்டைக்காரன் மாதிரி வர வேண்டாமா?

பதில் எழுதினேன்: நிமிடம் நொடியோடு நாளை போடுகிறேன். காதைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.

"சரிங்க" என்று ஒரு கும்பிடு பொம்மை.

ஜூலை 24, வியாழன்

அஸர் தொழுதுவிட்டு வந்து மகளின் ஹெட்போனை வாங்கினேன். "அத்தா, இழுத்துப் பிச்சுராதீங்க" என்றாள். பேப்பர், பேனா, நிமிடம் குறிக்கக் கோடு எல்லாம் தயார்.

இரண்டாவது பாட்டு. பெரியவர் முகம். வாயை மூடுகிறார்.

குரல் நின்றது.

பின்னால் தள்ளி மறுபடி போட்டேன். நின்றது. ஐந்து தடவை. அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு. ஒரே குரல்தான். அடியில் ஒன்றும் இல்லை. மேலே போக வேண்டிய இடத்தில் உடைகிறது, பாதி வரியைக் கூட்டத்திடம் கொடுத்துவிட்டு மைக்கை இறக்கிக்கொண்டு மூச்சு வாங்குகிறார். செல்வம் சொன்ன அதே மூச்சு. அறுபத்தெட்டு வயதுத் தொண்டை, கிழிசல், இருமலை விழுங்குவதுகூடக் கேட்கிறது. பொய்யே இல்லை. அந்தக் கிழிசலோடு பாடி முடித்துச் சிரிக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தில் பாதி.

டிரம்மர்? பாவம், மெதுவாகத்தான் அடிக்கிறார். ஒன்று அடித்தால் ஒன்றுதான் விழுகிறது. நான் எழுந்து நின்று கைதட்டிய வேகம் எங்கே போனது?

ஹெட்போனைக் கழற்றினேன். அடுத்த தெரு அம்மன் கோயில் மைக்கில் யாரோ: "கூழ் வாங்க வர்றவங்க பாத்திரத்தோட வரவும்... வரவும்... வரவும்..."

ஜன்னலைத் திறந்து இன்னொரு தடவை கேட்டேன்.

எக்கோ! பாண்டி கோயிலில் அம்மன் பாட்டுக்கு வைத்திருந்த எக்கோவை அப்படியே வைத்துப் பெரியவரைப் பாட விட்டிருக்கிறான். வாய் மூடிய பிறகு வந்தது டேப் இல்லை, எக்கோ. டிரம்மருக்கு இரண்டு கூடுதல் கை கொடுத்ததும் அதுதான். அட மடப்பயலே! எந்த ஊரிலாவது ஹெவி மெட்டலுக்கு எக்கோ வைப்பானா?

கத்தினேன். மெஹர் ஓடி வந்தாள்.

அப்புறம் மெல்ல ஒரு நிம்மதி. தப்பு என்னுடையது இல்லை. மைக்செட்காரன் தப்பு. நாளைக்கே எழுதிவிடலாம்: "மன்னிக்கவும், எக்கோ வைத்த ஒரு மடையனால்..." பதிவு பாதி மனதிலேயே தயார். முதலில் செல்வத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

காலை ஏழு மணிக்குப் பூ மார்க்கெட். ஆடி வெள்ளி, நிற்க இடமில்லை. செல்வம் மூட்டையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், வேலையை நிறுத்தவில்லை.

"மாப்ள, அது டேப்பு இல்லடா. எக்கோடா!"

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. மொத அடியிலேயே டிரம்மு ரெண்டா விழுந்துச்சு. பாண்டிகிட்டப் போயி கொறைக்கச் சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீ நிறுத்தச் சொல்லிட்ட."

"அடப்பாவி, அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்ல விட்ட? அப்புறம் யோசிச்சேன். சொன்னா என்ன ஆகும்? நீங்க அம்புட்டுப் பேரும் பாண்டி மேல பாய்வீங்க. மண்டபம் ஒன் மச்சினனோடது. மறுபடி அவன உள்ள விடுவாரா? ரெண்டு வருசமா அந்த மண்டபத்துக்குள்ள நொழைய அலையுறான். மொத தடவ வந்திருக்கான்."

நடுவில் ஒரு அம்மாள் கால் கிலோ கேட்டார். தராசு. பை. போனார்.

"சரி, இப்ப எழுதிர்றேன். எக்கோவாலதான் தப்பாக் கேட்டுச்சுன்னு..."

"எழுதாத."

"என்னது?"

"எழுதுறதுன்னா ஒன் காது தப்புன்னு எழுது. மைக்செட்ட இழுக்காத. அந்தப் பக்கத்த காதரும்தான் பாக்குறாரு."

எனக்கு வந்ததே கோபம்! "ஊரே என்னையச் செவிடன்னு சொல்லவா?"

"கேட்டது ஒன் காதுதான? அங்க பதினோரு பேரு இருந்தோம். பத்துப் பேரு ஊருக்கு எழுதல."

அவன் பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீ எங்கிட்டச் சொன்னது பெருசில்ல மாப்ள. நாம பேசாத பேச்சா. பாண்டி முன்னாடி சொன்ன பாரு. அவன் வீட்ல போயி அவன் அக்காகிட்ட, 'மாமாவப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க'ன்னு சொல்லிட்டான். அவ ரெண்டு நாளு சாப்பிடல."

"தப்புதான்டா" என்றேன். இரைச்சலில் கேட்டிருக்காது என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"போடு, பாப்போம்" என்றான் செல்வம்.

ஜூலை 26, சனி

காலையிலிருந்து எழுதி எழுதி அழிப்பு.

ஒன்று: "அன்று ஒலி அமைப்பில் ஏற்பட்ட..." அழித்தேன். ஒலி அமைப்பு என்றால் யார், பாண்டிதானே.

இரண்டு: "தவிர்க்க முடியாத காரணங்களால்..." நானே சிரித்துவிட்டேன்.

மூன்று: "மண்டபத்தில் கேட்டபோது..." மண்டபமா? காதர் கேட்பான்.

என்ன அநியாயம் இது! கையில் நிஜமான காரணம் இருக்கிறது, நூற்றுக்கு நூறு நிஜம், அதைச் சொல்லக் கூடாதாம். தோலில் ஊசி முனை ஓட்டை இருந்தால் கண்ணை மூடித் தடவியே சொல்லிவிடுகிற ஆள் நான். என்னைப் போய்!

ஆனால் அவன் ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தானே. அவனிடமும் நிஜமான காரணம் இருந்தது. எல்லாரும் சிரிக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்பு அப்படியே என் பக்கம் திரும்பியிருக்கும்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு போட்டேன்: "பெரியவர் வாயசைக்கவில்லை. பாடியது முழுக்க அவர் குரல். நான் தப்பாகக் கேட்டேன், சரிபார்க்காமல் எழுதினேன். சரியாகக் கேட்ட நண்பனை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினேன். அவரிடமும் அவனிடமும் மன்னிப்பு."

வந்தவை: "எவ்வளவு வாங்குனீங்க?" "காதுல பஞ்சா?" "அட்மின் வேலைய விட்டுட்டு ஆட்டுத்தோலப் பாரும்." இலங்கைக்காரர் ஒன்றும் எழுதவில்லை, "துணிச்சலான காது" மட்டும் காணாமல் போயிருந்தது. கோவை சதீஷ்: "பரவால்லீங்க, யாருக்கும் வர்றதுதானுங்க." இவனை நேரில் பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அடிக்க வேண்டும்.

ஜேம்ஸ் வாத்தியார் தனியாகப் போன் போட்டார். "என்னய்யா, நானும் அன்னைக்கு ரெண்டு கொரலு கேட்டனே?"

"ஒமக்கும் காது போச்சு சார்" என்று சொல்லி வைத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

காற்று குறைவு. கைலி தானாகவே மாமரத்திலிருந்து விழுந்திருக்கிறது, கிழிசல்.

பதினொரு மணிக்கு பாண்டி போன். "அண்ணே, காதர் அண்ணன் கூப்பிட்டாரு! வர்ற ஞாயிறு மண்டபத்துல ஒரு பொறந்தநாளு. எனக்குத்தான் செட்டு."

"நல்லது அப்பு."

"ஒங்க பாட்டுப் படம் மறுபடி எப்பண்ணே போடுவீங்க? அந்த எக்கோவ இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கவா?"

வாய் வரைக்கும் வந்தது. ஒரு வாரத்துக் கோபம் மொத்தமும்.

"வேணாம் அப்பு. எக்கோவே வேணாம்."

"ஏண்ணே? நல்லாத்தான இருந்துச்சு?"

"எனக்குக் காதுல கோளாறு. ஒத்துக்காது."

"அய்யய்யோ. டாக்டர்ட்ட காட்டுங்கண்ணே."

அவனுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு, அடக்கி அடக்கி, பிறகு அடக்க முடியாமல். போன் கை மாறியது.

"ஏலே செவிட்டு மாப்ள," என்றான் செல்வம், "குரூப்புல சேத்து விடு."

சேர்த்துவிட்டேன். செவிடனாம். நான்!