மாமா சொல்கிறார்

என் காரின் முன்சீற்றை இன்னும் விட்டுப்போகாத மாமாவுக்கு,

நேற்றும் வேல்ஸுக்குப் போய் வந்தேன். தனியாக. லண்டனில் நோர்பரிக்குத் திரும்பும்போது இடுப்பு கழன்றுவிட்டது. உங்கள் தூண்டில் பை டிக்கியில்தான் கிடக்கிறது. எடுத்து வைக்க மனமும் இல்லை, தெம்பும் இல்லை.

நீங்கள் தூண்டில் போட்ட ஆற்றில் மின்சாரத்துக்கு அணை கட்ட விடுவதா என்ற விசாரணைதான் நேற்று. உங்கள் தூண்டில் சங்கத்தில் பாதிப்பேர் களைத்துவிட்டார்கள். மீன் ஏறப் படிகள் கட்டித் தருகிறோம் என்று கம்பனி சொன்னதும், அதுவாவது கிடைக்கட்டும் என்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் மட்டும் என்ன?

மாமி உங்களைக் கேட்பது நினைவிருக்கிறதா? "பிடிச்ச மீனைத் திரும்ப ஆத்தில விடுறதுக்கோ இவ்வளவு தூரம் போறியள்? கடையில ரின்னில அடைச்ச மீன் கிடக்கு."

"இஞ்சரப்பா, முட்டை போடக் கடலிலயிருந்து தான் பிறந்த ஆத்துக்கே திரும்பி வாற சல்மன் மீன். வீடு தேடி வாறதைக் கறி வைக்கேலுமோ?"

"அப்ப நீங்களும் நேரத்துக்கு வீடு தேடி வாங்கோவன்."

கூட்டங்களில் நீங்கள் தமிழில் சொல்ல, "மாமா சொல்கிறார்" என்று தொடங்கி நான் ஆங்கிலத்தில் சொல்வேன். கோபமெல்லாம் உங்களுடையதாகவே இருந்தது. எனக்கு அது வசதி.

நேற்று என் முறை வந்தது. எழும்பி, பழக்கத்தில் "மாமா சொல்கிறார்" என்றே தொடங்கிவிட்டேன். மண்டபத்தில் பலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தலைமை தாங்கிய பெண்மணி மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

எனக்கு என்ன தெரியும் மாமா? ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. ஆனால் அதே ஆற்றில் கீழே இருக்கும் பழைய தடுப்பணை நினைவுக்கு வந்தது. அங்கேயும் படிகள் உண்டு. ஒரு மழைநாளில் ஒரு சல்மன் அந்தப் படியைக் காணாமல் சுவரில் பாய்ந்து பாய்ந்து விழுந்தது. நீங்கள் நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் பார்க்க முடியாமல் காருக்குள் போய்விட்டேன். அதைத்தான் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

முடிவைத் தள்ளிவைத்துவிட்டார்கள், மறுபடியும். "இனியும் போகப்போறீரோ?" என்றார் உங்கள் மகன். "ஓம்" என்றேன். விளக்கம் சொல்லக் களைப்பு விடவில்லை.

வெல்வோம் என்று என்னால் வாக்குத் தர முடியாது மாமா. அடுத்த விசாரணைக்கும் போவேன். எழும்பி, "நான் சொல்கிறேன்" என்று தொடங்குவேன். அவ்வளவுதான்.

முன்சீற்றை நீங்கள் சாய்த்து வைத்தபடியே விட்டிருக்கும்
உங்கள் மருமகள்